சிக்னலில் நின்றால் ஆஃப்... ஸ்க்ரூவைத் திருகினால் அலறல்! பழைய பைக்கின் ‘ஐடிலிங்’ கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சைதாப்பேட்டை சிக்னல். காலை ஒன்பதரை மணி. பச்சை விளக்கு விழ இன்னும் 5 விநாடிதான். பின்னால் மாநகரப் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையைத் தளர்த்திய அந்த நொடியில் பைக் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். பைக்கில் இருக்கும் இளம்பெண், அந்த 150 சிசி பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பழைய பைக் வாங்கி ஓட்டிய யாருக்கும் இது கற்பனையாகத் தெரியாது. அடுத்து நடக்கப்போவதும் அவர்களுக்குத் தெரியும்.

முதல் மெக்கானிக் இன்ஜின் பக்கம் குனிந்து ஒரு ஸ்க்ரூவைத் திருகுவார். “ஸ்லோ ஸ்பீடு கம்மியா இருந்துச்சும்மா. ஏத்தி வெச்சுட்டேன்” என்பார். அரை நிமிட வேலை. மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜின் மீண்டும் ஆஃப் ஆகும். அன்று மாலை, சூடான இன்ஜின் சிக்னலில் நின்றபடியே அலறும். இரண்டாவது கடையில், “கார்ப்பரேட்டர் போச்சு. புதுசா மாத்திடலாம்” என்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு சொல்வார்கள்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் காசே செலவழிக்காமல் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

‘ஐடிலிங்’ என்றால் என்ன?

ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கியர் போடாமல் இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருப்பதுதான் ஐடிலிங். 100 முதல் 150 சிசி வரையிலான பெரும்பாலான பைக்குகளில் இந்த வேகம் நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்றுகள் வரை இருக்கும். சரியான எண் அந்தந்த பைக்கின் மேனுவலில் இருக்கும்.

1,400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரியும். அதாவது நிமிடத்துக்கு 700 முறை, விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை. ஒவ்வொரு முறையும் சரியான அளவு காற்று, சரியான அளவு பெட்ரோல், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி, கசிவில்லாத அழுத்தம் என நான்கும் சேர வேண்டும். ஏதாவது ஒன்று இரண்டு மூன்று முறை தவறினாலே வேகம் தடுமாறும். இன்னும் கொஞ்சம் தவறினால் ஆஃப்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. வேகமாக ஓட்டும்போது இன்ஜின் ஏராளமான காற்றை இழுக்கும். ஐடிலிங்கில் காற்று போகும் பாதை கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஒரு மெல்லிய இடைவெளி வழியாக மட்டுமே காற்று நுழையும். பெட்ரோலும் பைலட் ஜெட் எனப்படும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை வழியாகத்தான் வரும்.

ஒரு அண்டா டீயில் அரை கிளாஸ் தண்ணீர் கூடுதலாக விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதே அரை கிளாஸ் தண்ணீர் ஒரு கிளாஸ் டீயில் விழுந்தால் அது டீயே இல்லை. ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது அந்த ஒரு கிளாஸ் டீதான். 60 கி.மீ. வேகத்தில் போகும்போது தெரியாத ஒரு மயிரிழை விரிசல், சிக்னலில் நிற்கும்போது இன்ஜினையே நிறுத்திவிடுவது இதனால்தான். ‘ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு, நின்னா மட்டும்தான் பிரச்சினை’ என்று பலரும் சொல்வதன் காரணமும் இதுதான்.

ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகிவிடாதா?

சரியானது போலத் தெரியும். ஐடிலிங் ஸ்க்ரூ செய்வது ஒரே ஒரு வேலைதான். ஆக்ஸிலரேட்டரை நிரந்தரமாக ஒரு நூல் திறந்து வைக்கிறது. கோளாறு அப்படியே இருக்கும். இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதால் தடுமாற்றம் வெளியே தெரியாது, அவ்வளவுதான். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போவது போல.

இதில் ஆபத்தும் உண்டு. ஐடிலிங் வேகம் 2,000-க்கு மேல் போனால், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பைக் முன்னே தள்ளும். கையை எடுத்ததும் கிடைக்க வேண்டிய ‘இன்ஜின் பிரேக்கிங்’ குறையும். மழைநேர ரோட்டில், திடீரென்று குறுக்கே யாராவது வந்தால் அந்த வித்தியாசம் பெரிது. நியூட்ரலில் இருந்து முதல் கியர் போடும்போது ‘டக்’ என்ற குலுக்கல், கிளட்ச் தேய்மானம், நெரிசலில் கூடுதல் சூடு, குறையும் மைலேஜ் எல்லாம் இலவச இணைப்பு.

மறுபக்கம், வண்டிகள் நெருக்கியடிக்கும் சாலையில் பைக் திடீரென அணைவதும் விளையாட்டல்ல. வலதுபுறம் திரும்பும் நேரத்தில், எதிரே வண்டி வரும்போது இன்ஜின் நின்றால் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடக்கூட நேரம் இருக்காது. அதனால், கோளாறு சரியாகும் வரை கூட்டமான சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

முதல் கேள்வி: எப்போது?

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்விதான் கேட்பார். “காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடானப்புறமாம்மா? கையை எடுத்த உடனேயா, கொஞ்ச நேரம் நின்னப்புறமா?” இந்தப் பதிலிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். எனவே கடைக்குப் போகும் முன் இரண்டு நாள் கவனித்து, மொபைலில் குறித்து வைத்துக்கொள்வது பயன் தரும்.

• காலையில் சோக் போட்டால்தான் நிற்கிறது, சூடானதும் ஓரளவு பரவாயில்லை: பெட்ரோல் குறைவாக வருகிறது. பைலட் ஜெட்டில் அடைப்பு அல்லது எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது.

• ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் சட்டென இறங்காமல், மேலேயே நின்று மெதுவாக இறங்குகிறது: காற்றுக் கசிவுக்கான முக்கிய அறிகுறி. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொள்வதும் காரணமாகலாம்.

• ஐடிலிங் தானாக ஏறி ஏறி இறங்குகிறது: பெட்ரோலுக்கும் காற்றுக்குமான விகிதம் நிலையாக இல்லை. இதிலும் முதல் சந்தேகம் காற்றுக் கசிவும் ஜெட் அடைப்பும்தான்.

• குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் அணைகிறது: டேப்பட் இறுக்கமாக இருக்கலாம். சோக் முழுமையாக மூடாமல் இருக்கலாம். சூட்டில் கோளாறு காட்டும் இக்னிஷன் காயிலாகவும் இருக்கலாம்.

• ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஆர்பிஎம் மாறுகிறது: கேபிள்தான். வேறெங்கும் தேட வேண்டாம்.

• கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மூச்சுத் திணறி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் உயிர் வருகிறது: மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்திருக்கிறது.

காசு செலவில்லாத சோதனைகள்

விலை குறைந்த காரணத்திலிருந்து விலை கூடிய காரணத்துக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாகச் செய்தால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. இன்னொன்று: இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதெல்லாம் திறந்தவெளியில்தான். அப்பார்ட்மென்ட்டின் மூடிய பார்க்கிங்கில் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

1. சோக்: லீவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா? பழைய பைக்குகளில் சோக் கேபிள் துருப்பிடித்து, லீவர் மூடினாலும் உள்ளே பாதி திறந்தே இருக்கும். பெட்ரோல் கூடுதலாகப் போய், சூடான இன்ஜின் திணறும்.

2. ஆக்ஸிலரேட்டர் கேபிள்: கைப்பிடியை லேசாகத் திருகினால், கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். முறுக்கிவிட்டால் ‘டப்’ என்று தானாகத் திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறக் கூடாது.

3. பெட்ரோல்: விற்பனைக்காக மாதக்கணக்கில் நின்ற பைக்கா? அந்தப் பழைய பெட்ரோலே குற்றவாளியாக இருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு, கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக நீர் தேங்கினாலோ, துருத் துகள் தெரிந்தாலோ டேங்கையே சுத்தம் செய்ய வேண்டும். அருகில் சிகரெட், விளக்கு, சூடான சைலன்ஸர் எதுவும் இருக்கக் கூடாது.

4. ஏர் ஃபில்டர்: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். புழுதி அடைத்திருந்தால் காற்று குறைந்து, பெட்ரோல் கூடும். ‘ஃபில்டரைக் கழட்டிட்டா பிக்கப் வரும்’ என்ற யோசனையைக் கேட்க வேண்டாம். அப்போது காற்று கூடிப்போய் ஐடிலிங் மேலும் கெடும். மணலும் உள்ளே போய் போரைத் தேய்க்கும்.

5. பிளக்: இன்ஜின் பேசும் மொழி இதில் எழுதியிருக்கும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே எரிகிறது. அது பெரிய வேலையின் அறிகுறி. பிளக் கேப் தளர்வாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் புது பிளக் போடுவதே மலிவான சோதனை. ஆனால் மேனுவலில் சொன்ன அதே எண் கொண்ட பிளக்காக இருக்க வேண்டும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். கடைகளில் ‘மேனிஃபோல்டு ரப்பர்’ என்றோ, ‘கார்ப்பரேட்டர் ரப்பர்’ என்றோ கேட்டால் தருவார்கள். ஒரு பக்கம் இன்ஜின் சூடு, மறுபக்கம் பெட்ரோல் ஆவி, எந்நேரமும் அதிர்வு. ஏழெட்டு வருடத்தில் இது இறுகி, வெடித்து, விரிசல் விடுவது சகஜம். மேலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும். விரிசல் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் எடுத்து அந்த ரப்பரைச் சுற்றியும், அதன் கிளாம்ப் இருக்கும் இடத்திலும் லேசாகத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் இன்ஜின் அந்தத் துளி நீரை உறிஞ்சும். ஒரு நொடி சத்தம் மாறும், அல்லது ஐடிலிங் சட்டென இறங்கும். பிளக், வயர் பக்கம் தண்ணீர் படக் கூடாது. சில கடைகளில் இதே சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்வார்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிப்பது தீயோடு விளையாடுவது. அதை அனுமதிக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் பார்த்த அந்தப் பெண்ணின் பைக்கில் அறிகுறிகள் இங்கேதான் வந்து சேர்கின்றன. காலையில் நிற்காது. ஸ்க்ரூவை ஏற்றி வைத்தால் சூட்டில் அலறும். கையை எடுத்தாலும் சத்தம் இறங்காது. கார்ப்பரேட்டரை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே பழைய ரப்பரில் புது கார்ப்பரேட்டர் உட்கார்ந்திருக்கும். பிரச்சினையும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

குண்டூசி போட்டுக் குத்தலாமா?

கசிவு இல்லை என்றால் அடுத்த சந்தேகம் பைலட் ஜெட். பல நாள் ஓடாமல் நின்ற பைக்கில் பெட்ரோல் ஆவியாகி, பசை போன்ற படிவத்தை விட்டுச் செல்லும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் பாதி அடைத்தாலே போதும், ஐடிலிங் போய்விடும்.

இதைச் சுத்தம் செய்ய கார்ப்பரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். குண்டூசியோ கம்பியோ போட்டுக் குத்தக் கூடாது. ஜெட் பித்தளையில் ஆனது. மிருதுவான உலோகம். ஒருமுறை துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் நிரந்தரமாகக் கூடிவிடும். பிறகு எந்த டியூனிங்கும் செட் ஆகாது. கிளீனர் அடிக்கும் முன் உள்ளே இருக்கும் ரப்பர் ரிங், டயஃப்ரம் போன்றவற்றைக் கழற்றி வைப்பதும் முக்கியம். அந்த ரசாயனம் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது.

‘சத்தம் வருதுண்ணா, டைட் பண்ணுங்க’

பழைய பைக் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் டேப்பட். இன்ஜின் தலைப்பகுதியில் காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள் இருக்கின்றன. அவற்றை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி விட வேண்டும். பல சிறிய பைக்குகளில் இது 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன்.

ஏன் இந்த இடைவெளி? சூடானால் உலோகம் விரியும். விரிய இடம் வேண்டும். இடைவெளி கூடினால் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் வரும். கேட்க எரிச்சலாக இருந்தாலும் உடனே பெரிய கேடு இல்லை. இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. இன்ஜின் அமைதியாக, ‘ஸ்மூத்’தாக ஓடும். ஆனால் சூடானதும் வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் கசியும். முதலில் ஐடிலிங் போகும், பிறகு சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே விட்டால் வால்வே கருகிவிடும். அப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

விற்பவர் “சத்தமே இருக்கக் கூடாதுண்ணா” என்று கேட்க, மெக்கானிக்கும் டேப்பட்டை இறுக்கிக் கொடுக்க, வாங்குபவர் “என்னா சைலன்ட்டா ஓடுது!” என்று மகிழ்ந்து பணம் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, 20 நிமிட நெரிசலுக்குப் பிறகு சிக்னலுக்குச் சிக்னல் அணையும் பைக் என்றால், கார்ப்பரேட்டரைத் தொடும் முன் டேப்பட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காதால் கேட்டு அல்ல, ஃபீலர் கேஜ் வைத்து. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு. பைக்கை ஓட்டி வந்த சூட்டிலேயே டேப்பட் செட் செய்யும் கடையில் அந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஸ்க்ரூவுக்கு இப்போதுதான் வேலை

மேலே சொன்ன எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே டியூனிங். கார்ப்பரேட்டரில் பொதுவாக இரண்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒன்று ஐடிலிங் வேகத்துக்கு. இன்னொன்று காற்று-பெட்ரோல் விகிதத்துக்கு. இரண்டாவதைத் தொடும் முன் அதன் இப்போதைய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக உள்ளே திருகி, லேசாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும். இறுக்கினால் அதன் கூர் நுனி கெட்டுவிடும்.

பைக்கை 10 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகு விகித ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, இன்ஜின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கடைசியாக ஐடிலிங் ஸ்க்ரூவால் மேனுவலில் உள்ள ஆர்பிஎம்முக்கு இறக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் செட் செய்தால், சூடானதும் அலறத்தான் செய்யும்.

விகிதம் சரியாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பெட்ரோல் பைக்குகளுக்கான புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் ஐடிலிங்கில்தான் அளக்கப்படுகின்றன. தடுமாறும் ஐடிலிங்கோடு போனால் அங்கேயும் சிக்கல்.

பிஎஸ்-6 பைக் என்றால்?

2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பிஎஸ்-6 விதிமுறை நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய பைக்குகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து தெளிப்பது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கணக்குப் போடுவது இசியூ எனும் சிறு கணினி. சென்சார்கள் சொல்லும் தகவலை வைத்து ஐடிலிங்கை அதுவே சரிசெய்துகொள்ளும்.

இங்கே ‘திருகிப் பார்ப்பது’ ஆபத்தான பழக்கம். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ ஃபேக்டரியில் செட் செய்யப்பட்டது. அதை மாற்றினால், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற கணக்கே இசியூவுக்குத் தவறிவிடும்.

பார்க்க வேண்டியவை வேறு. சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் உள்ளே கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறது. ஸ்கேனர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்கலாம். சாவி போட்டவுடன் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி ‘ங்ங்’ என்று முனகும் சத்தம் கேட்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் பம்பும் இசியூவும் சரியாக வேலை செய்யாது. இவை சரியென்றால், த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்தாலே பல பைக்குகள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏர் ஃபில்டர், பிளக், காற்றுக் கசிவு, டேப்பட் ஆகியவை பிஎஸ்-6 பைக்குக்கும் பொருந்தும்.

எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு, ஐடிலிங் போனாலே ‘எல்லாம் எத்தனாலால்தான்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்காக அளக்கப்பட்ட அதே ஜெட்டில் கலவை சற்றுக் காற்று கூடியதாக மாறும். இன்ஜெக்‌ஷன் பைக்கில் சென்சார் இதை ஓரளவு ஈடுகட்டும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். நீண்டநாள் நிற்கும் பைக்கில் நீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கலாம். பழைய ரப்பர் பாகங்களும் வேகமாக முதுமை அடையலாம்.

ஆனால் அதே தெருவில் அதே பங்க்கில் பெட்ரோல் போடும் இன்னொரு பழைய பைக் ஒழுங்காக நிற்கிறது என்றால், பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஏற்கெனவே லேசான கசிவோ அடைப்போ இருந்த பைக்கில்தான் இது சட்டென வெளியே தெரிகிறது. மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், கார்ப்பரேட்டரில் தங்கும் பெட்ரோலை வடித்துவிடுவது நல்ல பழக்கம்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

ஐடிலிங்கைப் பொய் சொல்ல வைப்பது எளிது. ஸ்க்ரூவை ஏற்றிவைத்து, நீங்கள் வரும் முன்பே இன்ஜினைச் சூடாக்கிவிட்டால் போதும். அதனால்:

• “காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். சுடுமோ என்ற சந்தேகம் இருந்தால் தொடாமல் அருகில் கையை நீட்டினாலே தெரியும்.

• குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, 20 நிமிடம் ஓட்டி, பிறகு 5 நிமிடம் ஐடிலிங்கில் நிறுத்தி வையுங்கள். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி நிற்கும் பைக்தான் நல்ல பைக்.

• ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முறுக்கி விடுங்கள். ஆர்பிஎம் உடனே இறங்கி நிலையாக நிற்க வேண்டும்.

• ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஐடிலிங் வெகுவாக விழுந்தால் பேட்டரி, சார்ஜிங் பக்கமும் பார்க்க வேண்டும்.

• முறுக்கும்போது சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது ஐடிலிங் பிரச்சினை அல்ல, இன்ஜின் வேலை. விலையில் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு பைக் பாருங்கள்.

ஐடிலிங் சரியில்லை என்பதற்காகவே ஒரு பைக்கை ஒதுக்க வேண்டியதில்லை. காரணம் ரப்பரா, ஜெட்டா, டேப்பட்டா, போரா என்று தெரிந்தால், சில நூறு ரூபாய் வேலையா, பல ஆயிரம் ரூபாய் வேலையா என்பதும் தெரிந்துவிடும். பேரம் பேசவும் அதுவே கை கொடுக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

“ஐடிலிங் சரியில்லண்ணா, பாருங்க” என்று சொன்னால் கை முதலில் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அதற்குப் பதில் அந்த இளம்பெண் மூன்றாவது கடையில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“அண்ணா, காலைல சோக் இல்லாம நிக்கல. சூடானப்புறம் கையை எடுத்தாலும் சத்தம் இறங்க மாட்டேங்குது. கேபிள் பாத்துட்டேன், ஃபில்டர் சுத்தமா இருக்கு, பிளக் வெள்ளையா இருக்கு. எங்கேயாவது ஏர் பிடிக்குதா பாருங்களேன்.”

மெக்கானிக் ஒரு நிமிடம் அவரை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு டார்ச்சை எடுத்து கார்ப்பரேட்டருக்கு அடியில் அடிப்பார். ரப்பரை விரலால் லேசாக வளைத்தால், அடிப்பக்கம் வாய் பிளக்கும். “இதோ பாரும்மா, இங்க வெடிச்சிருக்கு.”

புது ரப்பர் போட்ட பிறகு, முதல் கடையில் ஏற்றிவைத்த அதே ஸ்க்ரூவை அவர் இறக்க வேண்டியிருக்கும். மறுநாள் காலை சைதாப்பேட்டை சிக்னலில் பைக் ஒரே சீராக நிற்கும். பேருந்து அதே இடத்தில்தான் இருக்கும். ஹாரன் மட்டும் வேறு யாருக்காகவோ இருக்கும்.